வாசகர் ‘ஸ்பேம்’ என்று அழுத்தினால்: மின்மடல் அனுப்புகிறவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

“தம்பி, இந்த மடல் எனக்கு வேண்டாம்னு மூணாவது தடவையா எழுதறேன். இனியும் வந்தா ஸ்பேம்னு போட்டுடுவேன்.”

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு மாதம் ஒருமுறை மின்மடல் அனுப்பும் பொறுப்பு என்னுடையது. பட்டியலில் சுமார் 2,000 பேர் இருக்கிறார்கள். மேலே உள்ள வரிகளை எழுதியவர் எங்களுக்குக் கணக்கு எடுத்த சார். ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது. முந்தைய இரண்டு முறையும் அவர் கேட்ட அன்றே நான் அவருடைய முகவரியை நீக்கினேன். அப்படியும் மடல் அவருக்குப் போய்க்கொண்டே இருந்தது. அது எப்படி என்று தேடப் போய்த்தான் ஸ்பேம் புகார் என்ற விஷயத்தையே நான் ஒழுங்காகப் படித்துத் தெரிந்துகொண்டேன். குடியிருப்போர் சங்கம், வாசகர் வட்டம், சிறு கடை என்று எதற்காக மடல் அனுப்பத் தொடங்கினாலும் இது முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய விஷயம். எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

ஸ்பேம் என்பதற்கு எரிதம் என்று தமிழில் ஒரு சொல் உண்டு. ஆனால் வாசகர் அழுத்தும் பட்டனுக்கு எல்லோரும் சொல்லும் பெயர் ஸ்பேம் என்பதால் இங்கே அதையே வைத்துக்கொள்கிறேன்.

அழுத்திய பிறகு நடப்பது

ஜிமெயிலை கணினியில் திறந்து ஒரு மடலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். மேலே வரிசையாகச் சின்னச் சின்னப் படங்கள் வரும். காப்பகத்தில் சேர்ப்பது, ஸ்பேம் என்று புகார் செய்வது, அழிப்பது என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். புகார் செய்ய ஒரு நொடி போதும். காரணம் கேட்கமாட்டார்கள், படிவம் இல்லை, ‘நிச்சயமாகவா?’ என்ற கண்டிப்பும் இல்லை. அழிக்கப் போய்க் கை தவறி ஸ்பேமை அழுத்துகிறவர்களும் உண்டு. ஒரு பக்கம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் ஸ்பேம் போடுகிறவர்களும் உண்டு. நமக்கு வரும் புகார்களில் இவர்களும் கலந்திருக்கிறார்கள் என்பதை ஆரம்பத்திலேயே மனதில் வைத்துக்கொண்டால் நல்லது. முதல் புகார் வந்தபோது எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ நம்மைத் திருடன் என்று சொல்லிவிட்ட மாதிரி இருந்தது.

வாசகர் கண்ணுக்குத் தெரிவது ஒன்றுதான்: மடல் இன்பாக்ஸை விட்டு ஸ்பேம் பெட்டிக்குப் போய்விடுகிறது. பின்னால் நடப்பதுதான் பெரிது. அந்த அழுத்தல், அனுப்பியவருக்கு எதிரான ஒரு வாக்காக வாசகருடைய மின்னஞ்சல் நிறுவனத்தில் பதிவாகிறது. அனுப்பிய டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) எது, எந்த ஐபி முகவரியிலிருந்து (அனுப்பிய சர்வரின் இணைய எண்) வந்தது என்ற இரண்டின் கணக்கிலும் அது ஏறும். வாக்குகள் சேரச் சேர, புகாரே செய்யாத மற்ற வாசகர்களுக்கும் நம் மடல் ஸ்பேம் பெட்டியில் இறங்கத் தொடங்கும். போகப்போக சர்வர் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். வேண்டாம் என்றவர்கள் நாலு பேரைப் பிடித்து வைத்திருந்த குற்றத்துக்கு, ஆசையாகக் காத்திருக்கும் நானூறு பேருக்கு மடல் போய்ச் சேராது.

புகார் வந்தது நமக்கு எப்படித் தெரியும்?

இதற்கு ஃபீட்பேக் லூப் என்று ஓர் ஏற்பாடு உண்டு. நம் மடலை ஒருவர் ஸ்பேம் என்று போட்டால் அவருடைய மின்னஞ்சல் நிறுவனம் நமக்கு ஓர் அறிக்கை அனுப்பும். தானாக வராது, நாம் பதிவு செய்துகொள்ள வேண்டும். யாஹூவில் டொமைனைக் கொடுத்துப் பதிவு செய்யலாம். மடல் நம் டொமைனிலிருந்துதான் வந்தது என்று காட்டும் டிகேஐஎம் என்ற மின்னணுக் கையொப்பம் மடலில் இருக்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் ஐபி முகவரியை வைத்துப் பதிவு செய்ய வேண்டும். மெயில்சிம்ப் மாதிரி, மொத்தமாக மடல் அனுப்பித் தரும் ஒரு சேவை வழியாக அனுப்பினால் இந்தப் பதிவுகளை அவர்களே செய்து வைத்திருப்பார்கள். புகார் செய்தவரை நம் பட்டியலிலிருந்து அவர்களே நிறுத்தியும் விடுவார்கள். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சொந்த சர்வரில் அனுப்பாமல் இப்படி ஒரு சேவையை எடுத்துக்கொள்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் முதல் காரணம்.

அந்த அறிக்கைக்கு என்று ஒரு வடிவம் இருக்கிறது. 2010இல் வெளியான ஆர்எஃப்சி 5965 அதை வகுத்துத் தருகிறது. (ஆர்எஃப்சி என்பது இணைய நடைமுறைகளை எழுதி வைக்கும் எண்ணிட்ட ஆவணம்.) ஒன்றைத் திறந்தால் உள்ளே மூன்று துண்டுகள் இருக்கும். முதலாவது, மனிதர் படிக்க இரண்டு மூன்று வரி: ‘உங்களிடமிருந்து வந்த இந்த மடல் பற்றி எங்களுக்குப் புகார் வந்திருக்கிறது.’ இரண்டாவது, மென்பொருள் படிக்க: புகாரின் வகை, அறிக்கையை உருவாக்கிய மென்பொருளின் பெயர், மடல் வந்த நாள், வந்த ஐபி. வகை என்ற இடத்தில் பெரும்பாலும் அப்யூஸ், அதாவது வேண்டாத மடல் பற்றிய புகார், என்றுதான் இருக்கும். மூன்றாவது, நாம் அனுப்பிய மடலே. முழுதாகவோ, அனுப்புநர், தேதி மாதிரி விவரங்கள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்டர் மட்டுமோ இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். புகார் செய்தவர் யார் என்பது பல அறிக்கைகளில் மறைக்கப்பட்டிருக்கும். பெறுநர் முகவரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் எழுத்துக் குப்பை இருக்கும். நியாயம்தான், அவருடைய அடையாளத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் 2,000 பேருக்கும் ஒரே அச்சில் மடல் அனுப்பியிருந்தால் யாரை நீக்குவது? அதனால்தான் ஒவ்வொருவருக்கும் போகும் பிரதியில் அவருக்கே உரிய ஒரு எண்ணை எங்காவது வைக்கிறார்கள். விலகும் லிங்கின் கடைசியில் நீளமாக ஏதோ எழுத்துகளும் எண்களும் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அந்த வாசகரின் எண். அறிக்கையின் மூன்றாம் துண்டில் அந்த எண் இருக்கும். அதை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, பட்டியலில் நிறுத்திவிடலாம். சேவைகள் இதைத் தாமாகவே செய்கின்றன. பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாத பெறுநர் கட்டம்) இருநூறு பேரைப் போட்டு அனுப்புகிறவர்களுக்கு இந்த வழியே கிடையாது. எல்லோருக்கும் போவது ஒரே பிரதி.

ஜிமெயில் கதை வேறு. யார் புகார் செய்தார் என்று அது யாருக்கும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக 2015இலிருந்து போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ் என்ற பக்கத்தைக் கொடுத்திருக்கிறது. டொமைன் நம்முடையதுதான் என்று நிரூபித்தால், நாள்வாரியாகப் புகார் விகிதத்தைக் காட்டும். பெயர் வராது, சதவீதம் மட்டும்தான். எந்த நாளில் கோடு மேலே எழும்பியது, அன்றைக்கு எந்த மடல் போனது, யாருக்கெல்லாம் போனது என்று நாம்தான் பொருத்திப் பார்க்க வேண்டும். மிகச் சின்னப் பட்டியல் என்றால் பல நாள் அந்தப் பக்கம் காலியாகவே இருக்கும். அதைப் பார்த்துப் பிரச்சினையே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. கணக்குக் காட்டப் போதுமான மடல்கள் போகவில்லை என்று மட்டும்தான் அதற்கு அர்த்தம்.

எத்தனை புகார் வந்தால் ஆபத்து?

2023 அக்டோபரில் கூகுளும் யாஹூவும் மொத்தமாக மடல் அனுப்புகிறவர்களுக்கான புது விதிகளை அறிவித்தன. 2024 பிப்ரவரியில் அவை நடைமுறைக்கு வரத் தொடங்கின. புகார் விகிதம் 0.10 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.30 சதவீதத்தை ஒருபோதும் தொடக் கூடாது என்கிறது கூகுள். சதவீதத்தை ஆளாக மாற்றிப் பாருங்கள். 1,000 பேருடைய இன்பாக்ஸில் மடல் இறங்குகிறது என்றால் ஒரே ஒருவர் ஸ்பேம் போட்டால் 0.10. மூன்று பேர் போட்டால் 0.30. ஆயிரத்தில் மூன்று! எங்கள் மாதிரி ஒரு சின்னச் சங்கத்தில், கோபக்கார நண்பர்கள் மூன்று பேர் ஒரே நாளில் அழுத்தினாலே அந்த நாளின் கணக்கு சிவப்பாகிவிடும். மடல் அனுப்பும் சேவைகளும் கண்டிப்பானவை. அமேசான் எஸ்இஎஸ் 0.1 சதவீதத்துக்கு மேல் போனால் கணக்கை ஆய்வில் வைக்கும். 0.5ஐத் தாண்டினால் அனுப்புவதையே நிறுத்தி வைக்கலாம்.

ஒரு நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு ஏறக்குறைய 5,000 மடலோ அதற்கு மேலோ அனுப்புகிறவர்களைத்தான் கூகுள் மொத்த அனுப்புநர் என்கிறது. ஒரே ஒரு நாள் அந்த எல்லையைத் தொட்டாலும் அந்தப் பெயர் நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கீழே இருப்பவர்களுக்கும் 0.30 என்ற வரம்பு உண்டு, அதனால் ‘நாம் சின்ன ஆள்’ என்று இருந்துவிட முடியாது.

இன்னொன்றைக் கவனமாகப் படியுங்கள், நான் இதில் ஏமாந்தேன். இந்த விகிதத்தை இன்பாக்ஸில் இறங்கிய மடல்களை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். ஏற்கெனவே ஸ்பேம் பெட்டிக்குப் போய்விட்ட மடலை யாரும் மறுபடி ஸ்பேம் என்று அழுத்தப் போவதில்லை. ஆகவே நிலைமை முற்றிப்போய்ப் பாதி மடல் நேராக ஸ்பேமுக்கே போகும் காலத்தில் புகார் விகிதம் அழகாகக் குறைந்து நிற்கும். ஒரு மாதம் அந்தக் கோடு இறங்குவதைப் பார்த்து எல்லாம் சரியாகிவிட்டது என்று சங்கக் கூட்டத்தில் சொன்னேன். அடுத்த வாரமே, “உங்க மடல் இப்பல்லாம் வர்றதே இல்லையே?” என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஏன் அழுத்துகிறார்கள்?

பெரும்பாலான புகார்களின் வேர் ஒன்றுதான். அவர் கேட்கவில்லை, நாம் அனுப்பினோம்.

1978 மே 3 அன்று அமெரிக்காவில் டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் இருந்த கேரி துர்க், இணையத்துக்கு முன்னோடியான அர்பாநெட் என்ற கணினி வலையில் இருந்த ஏறக்குறைய 400 பேருக்குப் புதுக் கணினி அறிமுகக் கூட்டத்துக்கு ஒரு விளம்பர மடல் அனுப்பினார். உலகின் முதல் ஸ்பேம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். முகவரிகளை எங்கிருந்து எடுத்தார்? அர்பாநெட் பயனர்களுக்காக அச்சிட்டு வைத்திருந்த விவரப் புத்தகத்திலிருந்து. ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து ஏற்றினார்கள். பெறுநர் கட்டத்தில் இடம் போதாமல் முகவரிகள் மடலின் உடலுக்குள்ளேயே வழிந்தன. ஸ்பேம் பட்டன் இல்லாத காலம். ஆனாலும் புகார் போய்ச் சேர்ந்தது, நெட்வொர்க்கை நடத்தியவர்கள் கண்டித்தார்கள்.

அந்தப் புத்தகம் செய்த வேலையை எங்கள் சங்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் செய்தது. ஆண்டுவிழாவில் வாசலில் ஒரு பதிவேடு வைப்போம். பெயர், படித்து முடித்த வருடம், போன் நம்பர், மின்னஞ்சல். வருகிறவர்கள் பூந்தட்டிலிருந்து கல்கண்டை எடுத்துக்கொண்டு, வரிசையில் நின்றபடி நிரப்பிவிட்டுப் போவார்கள். விழா முடிந்ததும் யாராவது ஒரு தம்பி உட்கார்ந்து எல்லாவற்றையும் எக்செல்லில் ஏற்றுவார். அதை அப்படியே மடல் பட்டியலில் சேர்ப்போம். யாரும் ‘மாதா மாதம் மடல் வரும், சம்மதமா?’ என்று கேட்டதில்லை. அவர்கள் கொடுத்தது விழாவுக்கு வந்ததற்கான பதிவு. நாங்கள் எடுத்துக்கொண்டது மாத மடலுக்கான அனுமதி. கையெழுத்து புரியாமல் ஓர் எழுத்து மாறியதால் சம்பந்தமே இல்லாத வேறு யாருக்கோ வருடக்கணக்கில் எங்கள் பள்ளிச் செய்தி போயிருக்கிறது. அந்த மனிதர் ஸ்பேம் என்று அழுத்தினால் அதில் என்ன தப்பு?

இதற்கு மருந்து இரட்டைச் சம்மதம். ஒருவர் முகவரி கொடுத்ததும் அந்த முகவரிக்கு ஒரே ஒரு மடல் போகும்: ‘நீங்கள்தான் கேட்டீர்களா? ஆம் என்றால் இங்கே அழுத்துங்கள்.’ அழுத்தினால்தான் பட்டியலில் சேர்ப்பது. எழுத்துப் பிழை, அடுத்தவர் முகவரியைக் கொடுப்பது, தானியங்கி நிரல்கள் படிவத்தை நிரப்பித் தள்ளுவது எல்லாம் இந்த ஒரு படியில் வடிகட்டப்பட்டுவிடும். பட்டியல் வேகமாக வளராது. எங்கள் பதிவேட்டிலிருந்து வந்தவர்களில் பாதிப் பேர்கூட அந்த லிங்கை அழுத்தவில்லை. செயலாளர் அண்ணனுக்கு அதில் வருத்தம். நான் விடவில்லை. அழுத்தாத பாதிப் பேர் முன்பும் நம் மடலைப் படித்திருக்க மாட்டார்கள்.

மற்ற காரணங்களும் உண்டு. ஆறு மாதம் ஒன்றுமே அனுப்பாமல் இருந்துவிட்டுத் திடீரென்று ஒரு மடல் போனால், பதிவு செய்ததே அவருக்கு மறந்திருக்கும். அனுப்புநர் பெயரை மாற்றினாலும் அப்படித்தான். ஒரு தடவை சங்கத்தின் பெயருக்குப் பதிலாக என் சொந்தப் பெயரில் மடல் போய்விட்டது, அந்த மாதம்தான் புகார் அதிகம். மாதம் ஒன்று என்று சொல்லிவிட்டு வாரம் மூன்று அனுப்புவது, நிகழ்ச்சி அழைப்பு என்று வாங்கிய முகவரிக்கு இன்சூரன்ஸ் விளம்பரம் அனுப்புவது, இதெல்லாம் சொல்லத் தேவையில்லை.

அப்புறம், விலகும் வழி கிடைக்காதது. இது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.

வாசலைத் திறந்து வையுங்கள்

ஸ்பேம் பட்டன் எப்போதும் மேலே, ஒரே இடத்தில் இருக்கிறது. நம்முடைய விலகும் லிங்கோ மடலின் அடியில், சாம்பல் நிறத்தில், எறும்பு மாதிரிச் சின்ன எழுத்தில். தேடிப் பிடித்து அழுத்தினால் லாகின் கேட்கிறது. பாஸ்வேர்டு மறந்துவிட்டது. ‘ஏன் போகிறீர்கள்’ என்று ஏழு கேள்வி. அந்த நேரத்தில் மேலே இருக்கும் பட்டன் ஒரே தட்டு. நானாக இருந்தாலும் அதைத்தான் அழுத்துவேன். ஸ்பேம் புகார் என்று நம் கைக்கு வருவதில் பெரும்பகுதி, வெளியே போகக் கதவு கிடைக்காதவர் ஜன்னல் வழியாகக் குதித்தது. போக நினைப்பவரைப் பிடித்து வைக்க முடியாது. கதவு வழியாகப் போவதா ஜன்னல் வழியாகப் போவதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

அதனால் இந்த லிங்கை நான் மடலின் தலையிலும் ஒரு வரியாக வைத்துவிட்டேன்: ‘முன்னாள் மாணவர் என்ற முறையில் நீங்கள் பதிவு செய்ததால் இந்த மடல் வருகிறது. வேண்டாம் என்றால் இங்கே அழுத்தினால் போதும்.’ விலகுகிறவர்கள் கூடினார்கள். புகார் குறைந்தது. இது எனக்கு லாபமான பேரம்.

கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கதவும் உண்டு. மடலின் ஹெட்டரில் விலகும் முகவரியை எழுதி வைக்கும் முறை 1998லேயே ஆர்எஃப்சி 2369 வழியாக வந்துவிட்டது. ஜிமெயிலில் அனுப்புநர் பெயருக்குப் பக்கத்தில் அன்சப்ஸ்கிரைப் என்று ஒரு சொல் தோன்றுகிறதே, அது இங்கிருந்துதான் வருகிறது. ஹெட்டர் சரியாக இருந்தால், ஒருவர் ஸ்பேமை அழுத்தும்போதே ‘விலகவும் செய்யட்டுமா?’ என்று ஜிமெயில் கேட்கும். 2017இல் வந்த ஆர்எஃப்சி 8058 இதை ஒரே தட்டில் முடியும்படி ஆக்கியது. கூகுளும் யாஹூவும் 2024இல் மொத்த அனுப்புநர்களின் விளம்பர, செய்தி மடல்களுக்குக் கட்டாயமாக்கியது இந்த ஒரே தட்டு முறையைத்தான். தட்டிய இரண்டு நாளுக்குள் அவரை நிறுத்திவிட வேண்டும்.

ஏன் தனியாக ஒரு புது முறை தேவைப்பட்டது என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. லிங்க் போதாதா? போதாது. பல அலுவலகங்களில் மடல் உள்ளே வரும்போதே பாதுகாப்பு மென்பொருள் ஒன்று அதிலுள்ள எல்லா லிங்குகளையும் ஒரு முறை திறந்து பார்க்கும், உள்ளே வைரஸ் இருக்கிறதா என்று. லிங்கைத் திறந்தாலே விலக்கிவிடும்படி நாம் வைத்திருந்தால், வாசகர் மடலைப் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் அந்த மென்பொருள் விலகிவிடும். அதனால் சும்மா திறப்பதை ஒரு வகையாகவும், உண்மையாகவே விலகச் சொல்வதை வேறு வகையாகவும் பிரித்தார்கள். மின்னஞ்சல் நிறுவனத்தின் சர்வர் நம் சர்வருக்குப் போஸ்ட் என்ற வகைக் கோரிக்கையாக அனுப்பினால் மட்டுமே அது விலகல். மடலுக்குள் இருக்கும் சாதாரண லிங்கைத் திறந்தால் ஒரு பக்கம் வரட்டும், அதில் ஒரே ஒரு பட்டன் இருக்கட்டும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. நம் மடலை ஒருவர் நண்பருக்கு ஃபார்வர்டு செய்கிறார். நண்பர் அடியில் இருக்கும் லிங்கை அழுத்தினால், விலகுவது ஃபார்வர்டு செய்தவர். ‘நான் விலகவே இல்லையே’ என்று யாராவது கேட்டால் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

கணக்கு சாரின் முகவரி எப்படித் திரும்பி வந்தது

இப்போது அந்த மூன்று தடவைக்கு வருகிறேன். அவர் வேண்டாம் என்றதும் நான் பட்டியலைத் திறந்து அவருடைய வரியையே அழித்தேன். சுத்தமாக. அதுதான் மரியாதை என்று நினைத்தேன். அடுத்த ஆண்டுவிழாவில் சார் மேடைக்கு வந்து வாழ்த்திப் பேசினார், வாசலில் பதிவேட்டிலும் எழுதினார். எக்செல் ஏறியது, பட்டியலில் சேர்ந்தது. அவர் முன்பு வேண்டாம் என்று சொன்னதற்கான அடையாளம் என் பட்டியலில் எங்குமே இல்லை. நான்தான் அழித்துவிட்டேனே! இரண்டாவது தடவை இன்னும் மோசம். எங்கள் குழுவில் ஒரு தம்பி பழைய எக்செல் கோப்பை மறுபடி ஏற்றினார். அதில் சார் மட்டுமில்லை, அந்த ஒரு வருடத்தில் விலகிய எல்லோரும் திரும்பி வந்தார்கள். அந்த மாதப் புகார்க் கணக்கைப் பார்த்து எங்கள் சேவை நிறுவனம் கணக்கையே நிறுத்தி வைத்தது.

ஆகவே வேண்டாம் என்றவரின் முகவரியை அழிக்கக் கூடாது. ‘அனுப்பாதே’ என்று குறித்து வைத்திருக்க வேண்டும். இதற்கு சப்ரஷன் பட்டியல் என்று பெயர். புதிதாக எந்தக் கோப்பு ஏறினாலும் முதலில் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டு, இதில் இருப்பவர்களைத் தள்ளிவிட்டுத்தான் மற்றவர்களைச் சேர்க்க வேண்டும். விலகியவர், புகார் செய்தவர், முகவரியே செத்துப்போய் மடல் திரும்பி வந்தவர் மூவரும் இதில் இருப்பார்கள். ஒரு சேவையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது வாசகர் பட்டியலைப் பத்திரமாக எடுத்துப் போகிறவர்கள், இந்தப் பட்டியலை மறந்துவிட்டுப் போவார்கள். மாறிய முதல் மடலிலேயே வெடிக்கும்.

புகார் செய்தவருக்கு ‘ஏன் இப்படிச் செய்தீர்கள்?’ என்று எழுதலாமா? கூடாது. போன் நம்பர் தெரிந்தாலும் கூப்பிடக் கூடாது. நண்பராக இருந்தாலும் கூடாது. நம்மிடமிருந்து எதுவும் வேண்டாம் என்று சொன்னவருக்கு அந்த விளக்கக் கடிதமும் வேண்டாத மடல்தான். சத்தமில்லாமல் நிறுத்திவிட வேண்டும். சார் மாதிரி தாமாகவே எழுதிக் கேட்டவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களுக்கு ஒரு பதில் கடன்பட்டிருக்கிறோம். நாலு வரி, அன்றைக்கே.

சில சமயம் புகார் நமக்கு வராமல், நாம் சர்வர் வாங்கிய நிறுவனத்துக்குப் போகும். அவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: இந்த முகவரி உங்களுக்கு எப்படிக் கிடைத்தது? ஒவ்வொரு முகவரிக்கும் எந்தத் தேதியில், எந்தப் படிவத்தில், எந்த ஐபியிலிருந்து சம்மதம் வந்தது என்ற பதிவு இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிடலாம். இல்லாவிட்டால் இல்லை என்றே சொல்லுங்கள், அந்த முகவரிகளை நிறுத்திவிட்டதையும் சொல்லுங்கள். அந்த மேசையில் இருப்பவர்கள் தினமும் எத்தனையோ சமாளிப்புகளைப் பார்க்கிறவர்கள். இப்படிப்பட்ட புகார்கள் நமக்கே வந்து சேர, அப்யூஸ், போஸ்ட்மாஸ்டர் என்ற இரண்டு பெயர்களில் நம் டொமைனில் முகவரி வைத்திருப்பது 1997இல் வந்த ஆர்எஃப்சி 2142 காலத்து வழக்கம். வைத்திருந்தால் மட்டும் போதாது, யாராவது திறந்து படிக்கவும் வேண்டும்.

நாம் அனுப்பாத மடலுக்கே நம் பெயரில் புகார் வருவதும் உண்டு. வேறு யாரோ நம் டொமைனைப் போட்டு அனுப்பியிருப்பார்கள். மடல் உண்மையில் நம்மிடமிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் என்ற மூன்று ஏற்பாடுகளையும் அமைத்து வைத்தால் அந்தப் போலிகளை மற்ற சர்வர்களால் அடையாளம் காண முடியும்.

சட்டம் பற்றிக் கொஞ்சம்

முன்னாள் மாணவர்கள் உலகம் முழுக்க இருப்பதால் எனக்கு இதுவும் தேவைப்பட்டது. அமெரிக்காவின் கேன்-ஸ்பேம் சட்டம் 2004 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. வணிக மடலில் விலகக் கேட்டவரை 10 வேலை நாட்களுக்குள் நிறுத்த வேண்டும் என்கிறது. விலகுவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது, மின்னஞ்சல் முகவரி தவிர வேறு விவரம் கேட்கக் கூடாது. கனடாவில் 2014 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள சட்டம் இன்னும் கண்டிப்பானது. வணிக மடல் என்றால் முதலில் சம்மதம், பிறகுதான் அனுப்புவது. இந்தியாவில் 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு வாசகம் எனக்குப் பிடித்தது. சம்மதம் கொடுப்பது எவ்வளவு எளிதோ, அதைத் திரும்பப் பெறுவதும் அதே அளவு எளிதாக இருக்க வேண்டும். ஆண்டுவிழா வாசலில் பேனாவால் ஒரே வரி எழுதிக் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெற, லாகினும் ஏழு கேள்வியும் எதற்கு?

சாருக்கு நான் எழுதிய பதில் இது:

“சார், வணக்கம். உங்கள் முகவரியை இன்றோடு நிறுத்திவிட்டேன். முன்பு இரண்டு முறையும் பட்டியலிலிருந்து அழித்தேன், ஆனால் ஆண்டுவிழாப் பதிவேட்டிலிருந்து அது மறுபடி சேர்ந்துவிட்டது. தவறு எங்களுடையது. இனி எந்தப் பதிவேட்டிலிருந்தும் சேராதபடி குறித்து வைத்திருக்கிறேன். இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டியதில்லை.”

மறுநாள் காலையில் பதில் வந்தது.

“சரி தம்பி. கண் ஆபரேஷனுக்கு அப்புறம் போன்ல படிக்க முடியல, அதான் வேண்டாம்னேன். ஆண்டுவிழாவுக்கு மட்டும் கூப்பிடு, வர்றேன்.”

அவர் பெயருக்கு நேராக ‘அனுப்பாதே’ என்று இருக்கும் கட்டத்தின் பக்கத்தில் ஒரு குறிப்பு போட்டு வைத்திருக்கிறேன்: ஜனவரியில் போன் செய்யவும்.